ஐந்தாவது வாக்கு

“சம்மதம்,” என்றாள் லோர்னா.

மைக் கரகரத்ததில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று பெக்கா முதலில் நினைத்தாள்.

தீர்மானம் இதுதான்: வில்லோ பெண்ட் தொடக்கப் பள்ளியை மே மாதத்தோடு மூடிவிடுவது. மூடலாம் என்பவர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். கூடாது என்பவர்கள் மறுக்க வேண்டும். இதில் தடுமாற என்ன இருக்கிறது?

அந்தப் பள்ளியைக் காப்பாற்றுவேன் என்று சொல்லித்தான் லோர்னா போன நவம்பரில் மாவட்டக் கல்விக் குழுவுக்கு ஜெயித்து வந்தாள். அவளோடு வீடு வீடாக நடந்து, நாய்க்கடி வாங்காத குறையாக நோட்டீஸ் கொடுத்தவள் பெக்கா. கூடப்பிறந்த தங்கை.

அந்தப் பள்ளியின் சமையற்கட்டில் பதினோரு வருடமாக நிற்கிறவளும் அவள்தான். பள்ளி மூடினால் அவளுக்கு வேலை இல்லை. அவள் மகள் டெஸ் விடிவதற்கு முன்பே எழுந்து, பனியில் நாற்பது மைல் பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டும்.

குழு சொன்ன காரணங்களும் பெக்காவுக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் மாநிலம் பணம் தருகிறது, உங்கள் பள்ளியில் அறுபத்தொரு தலைதான் என்றார்கள். சொத்து வரியைக் கொஞ்சம் கூட்டினால் சமாளிக்கலாம் என்று ஊரை இரண்டு முறை கேட்டார்கள். ‘எங்கள் பள்ளி எங்களுக்கு வேண்டும்’ என்று சட்டை அச்சடித்துப் போட்டுக்கொண்ட அதே ஊர், இரண்டு முறையும் வரி கூடாது என்று ஓட்டுப் போட்டது. மூன்றாம் வகுப்பு வாசிப்பில் மாவட்டத்திலேயே கடைசி என்றார்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பதே ஏழு பேர். பரீட்சை அன்று அதில் இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

இன்றைய கூட்டமே ஒரு கூத்து. குழுவில் ஏழு பேர். வடக்குப் பண்ணைகளிலிருந்து வர வேண்டிய இரண்டு பேரும் பனிப்புயலில் சாலை அடைத்து மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருமே பள்ளியின் பக்கம். ஒரு வாரம் தள்ளி வைக்கலாமே என்று குழுவில் இருந்த மாட்டு வைத்தியர் கெஞ்சினார். ஐந்து பேர் இருந்தால் விதிப்படி போதும் என்று தலைவர் ஹார்லன் வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார்.

முதல் சம்மதம் அவருடையது. அவர் ஆட்கள் இருவரும் பின்பாட்டுப் பாடினார்கள். மாட்டு வைத்தியர் மறுத்தார். லோர்னாவின் முறை வந்தபோதே மூன்று வாக்கு விழுந்து கதை முடிந்திருந்தது.

அவள் மறுத்திருந்தாலும் தோல்விதான். அதுதான் பெக்காவுக்குப் புரியவே இல்லை. மறுத்துத் தோற்றிருக்கலாமே? எதற்குப் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும்? ஹார்லன் ஏதாவது ஆசை காட்டினாரா? அக்காவை நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்துதானே இன்றைக்குப் பேச வேண்டியதை எழுதினோம்?

குழுவினருக்கென்று பெக்கா சுட்டுக் கொண்டுவந்த இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள் மேசையில் இருந்தன. ஹார்லனின் மீசையில் அதன் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது. லோர்னா இரண்டு தின்றிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து பன்றிப் பண்ணை வெண்டல் எட்டி பெக்காவின் தோளைத் தட்டினார்.

“அக்காளும் தங்கச்சியும் பேசி வச்சுத்தான் எங்களை அலைய விட்டீங்களா?”

பெக்கா எழுந்துவிட்டாள். எழுந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது.

“இருபத்திரண்டு வருஷம் அம்மா அந்த ஸ்கூல் பஸ்ஸ ஓட்டினா, லோர்னா. இன்னைக்கு உயிரோட இருந்தா உன் மூஞ்சில முழிக்க மாட்டா. நீ எனக்கு அக்காளே இல்ல.”

கூட்டம் நடந்த நூலகம் முழுக்கக் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

லோர்னா நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. மைக்கை இழுத்து, ஒரு தாளைப் பார்த்து, மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தாள்.

“நான் ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவ. அந்த உரிமையில, இந்தத் தீர்மானத்த அடுத்த கூட்டத்துல மறுபடி எடுக்கணும்னு கேக்கறேன்.”

மாட்டு வைத்தியர் ஒரு நொடி வாய் பிளந்து பார்த்தார். பிறகு அவசரமாக வழிமொழிந்தார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஹார்லன் கூட்டத்தை முடிக்கத் தட்டும் சுத்தியலைத் தூக்கியபடியே குழுவின் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: தோற்ற பக்கத்தில் நின்றவர் இதைக் கேட்க முடியாது, ஜெயித்த பக்கத்தில் வாக்களித்தவர் மட்டுமே கேட்க முடியும். கேட்டுவிட்டால் அடுத்த கூட்டம் வரை தீர்மானம் செல்லாது.

அடுத்த கூட்டத்துக்குள் சாலை திறந்துவிடும். ஏழு பேரும் இருப்பார்கள்.

ஹார்லன் சுத்தியலை மெல்லக் கீழே வைத்தார். பின்வரிசையில் வெண்டல் விரல் விட்டு எண்ணி, மறுபடி எண்ணி, நாலுக்கு மூணு என்று சிரிக்க ஆரம்பித்தார்.

பெக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் விதி இருப்பதாகத் தெரியவில்லை.

குறிப்பெழுதும் ஆர்லிஸ் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கூட்டத்தில் யார் பேசினாலும் பேரும் விலாசமும் பதிவாக வேண்டும், கத்தினாலும் அப்படித்தான் என்றார்.

பெக்கா பேரைச் சொன்னாள். விலாசத்துக்கு வந்ததும் மேசையில் மிச்சமிருந்த ரொட்டிச் சுருள்களைப் பார்த்தாள். ஆர்லிஸ் பேனாவோடு காத்திருந்தார்.

லோர்னா இப்போதுதான் நிமிர்ந்தாள். தங்கையைப் பார்க்காமல் மைக்கிடம் குனிந்தாள்.

“என் வீட்டு விலாசத்தையே போட்டுக்குங்க, ஆர்லிஸ். அவ அங்கதான் இருக்கா.”