காலையில் வந்த சாம்பிள்

"யூரின் டப்பாவ டிபன் பையில ஒளிச்சிகினு போறியே, எவனாவது சோறுன்னு தொறந்துட்டா?" என்று நாகவல்லி கேலி செய்வாள். "எம் பொண்டாட்டி சமாச்சாரம் ஊருக்கு எதுக்கு?" என்பார் உலகநாதன். அவளுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து, வேலைக்குப் போகும் வழியில் ஆவடி லேபில் அவர்தான் சாம்பிளைக் கொடுப்பார்.

அவர் இறந்தபின் அவள் டெஸ்டே எடுக்கவில்லை. குளிர்காய்ச்சலைக்கூடச் சட்டை செய்யவில்லை.

இன்று லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, உங்க யூரின்ல கிருமி நெறைய கீது. உடனே டாக்டராண்ட போங்க. காலைல உங்க ஊட்டுக்காரருதான் டிபன் பையில கொண்டாந்து குடுத்தாரு."

"நல்லவேளை வந்தீங்கம்மா. இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்," என்றார் டாக்டர்.

மாத்திரையோடு வீடு திரும்பியவள், அவருடைய காலிக் கட்டிலைக் கும்பிட்டாள். இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை வாய்விட்டுக் கேட்டாள்.

"என் கண்ணுலயும் ஒரு தபா படுய்யா."