வேறு சுவர்

படத்தில் இருந்தது அவள்தான்.

மகளின் மஞ்சள் கவுனை முகத்தோடு அழுத்திக்கொண்டு அழுகிறாள். கீழே 'கேண்டிட், முதல் பரிசு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

புகைப்படச் சங்கத்தின் கண்காட்சி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சுவர். நிலக்காட்சிக்கு ஒன்று, கானுயிருக்கு ஒன்று, உருவப்படத்துக்கு ஒன்று. கல்யாணமான புதிதில் கணவன் கிருபாகரன் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்திருந்தது. கேமராவைப் பார்த்தால் உருவப்படம். எடுப்பதே தெரியாமல் இருந்தால் கேண்டிட். ஆளை நிறுத்தி, சொல்லிக்கொடுத்து எடுத்தால் அதற்கு வேறு சுவர்.

நல்ல பாடம்தான். நடத்தியவருக்கே மறந்துவிட்டது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், கொடியில் அந்தக் கவுன் கிடந்தது. எடுத்து முகத்தில் வைத்தாள். உடைந்துபோனாள்.

கேமரா சத்தம் கேட்டது.

அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, ஃபோகஸ் போய்விட்டது என்றான். கவுனைத் திரும்பக் கொடியில் போடச் சொன்னான்.

போட்டாள்.

அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அவன் காட்டிய பக்கம் திரும்பினாள். மேகம் விலகும்வரை காத்திருந்தாள். அழச் சொன்னபோது அழுகை வந்தது. முதலில் வந்ததைவிட நன்றாகவே வந்தது.

நடுவர் வந்து கிருபாகரனின் தோளைத் தட்டினார். இப்படியொரு கணத்தை யாராலும் சொல்லி வரவழைக்க முடியாது என்றார். அவன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

அவள் நடுவர் பக்கம் திரும்பினாள்.

"இது ரெண்டாவது தடவை எடுத்ததுங்க. சொல்லித்தான் எடுத்தாரு."

கிருபாகரனின் முகம் செத்துப்போனது. பரிசு போகும், மானம் போகும் என்று அவள் காத்திருந்தாள். போகட்டும் என்று மனதார விரும்பினாள்.

நடுவர் படத்தை மறுபடி பார்த்தார். மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் முகத்தில் கோபமே இல்லை. நடிப்பென்றால் இன்னும் பிரமாதமாம். சொல்லிக்கொடுத்து எடுக்கும் வகையிலும் இதற்கு ஈடு கிடையாதாம். படத்தைக் கழற்றி அந்தச் சுவரில் மாட்டச் சொன்னார். அங்கேயும் முதல் பரிசு. அதில் மாடலுக்கும் ஒரு கேடயம் உண்டு.

கிருபாகரனுக்குப் போன உயிர் வந்தது. "நாம முதல்லயே அதுல போட்டிருக்கணும்" என்று அவள் காதோரம் சொன்னான்.

படத்தில் முகம் மறைந்திருந்த மாடலின் பெயர் என்னவென்று நடுவர் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மகளின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

நடுவர் எழுதிக்கொண்டு போனார். கிருபாகரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

விழா தொடங்கியது. மைக்கில் கூப்பிட்டார்கள்.

"செல்வி இதழினி."

கூட்டம் கைதட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அவன் தலையைத் தூக்கவில்லை. கேடயத்தை வைத்துக்கொண்டு மேடையில் நின்றவர்கள் கூட்டத்துக்குள் தேடினார்கள்.

சிரித்தபடியே இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.