விக்டரின் டாங்கி

1986இல் விக்டரின் மைத்துனர் லண்டனிலிருந்து ஒரு ரிமோட் பொம்மை டாங்கியும், அதை வேறு மாடலாக மாற்ற, ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களும் அனுப்பியிருந்தார். அவற்றைப் பொருத்தினால், எழுபத்தொன்றாம் வருடப் போரில் விக்டர் ஓட்டிய டாங்கியின் மாடலாகிவிடும். அன்று தீப்பிடித்தபோது அவர் மட்டும் வெளியே குதித்துவிட்டார். மற்ற மூவருக்கும் மேல்மூடி இறுகிக்கொண்டது. வெளியிலிருந்து திறந்துவிட அவர் திரும்பிப் போகவில்லை. இதை மனைவி பேட்ரிசியாவிடம்கூடச் சொன்னதில்லை.

பாலக்கரை வீட்டில், ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் டாங்கிக்கு ரெசின் மேல்கூட்டைப் பொருத்தினார். உள்ளே குழிவே இல்லாத கெட்டி வார்ப்பு அது. மூடி என்பது வெறும் கோடுதான். பேட்டரிகூட இன்னும் போடவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த பேட்ரிசியா நின்றுவிட்டாள். “ஏங்க, அதுக்குள்ள யாரோ தட்டுறாங்க.”

விக்டருக்கும் கேட்டது. தொட்டார், கை சுட்டது.

“‘விக்டர், மூடியத் திறடா’ங்கிறாங்க. யாருங்க அது?”

விக்டர் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். மேல்கூடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே முழுக்க வெறும் ரெசின். சத்தம் நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் இரண்டு துண்டுகளுக்குள்ளிருந்தும் தட்டத் தொடங்கினார்கள்.