இரண்டில் ஒன்று

பளாரென்று விழுந்த அறையில் மெக்கானிக் ராஜாவின் உதடு கிழிந்தது. ரத்தத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு, திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று மறுபடியும் அதையே இந்தியில் சொன்னான்.

கசார்வாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அச்சுதனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த இன்ஜின். அதையே பிரித்துச் சரிசெய்வதா, கழற்றி எறிந்துவிட்டு வேறு இன்ஜின் வைப்பதா? இரண்டில் ஒன்று இப்போதே தெரிந்தாக வேண்டும் அவனுக்கு.

பொறுமைக்கும் அச்சுதனுக்கும் ஏழாம் பொருத்தம். சாவிக்கொத்தையும் வீட்டு விலாசம் போட்ட ஆர்.சி. அட்டையையும் ராஜாவின் மேல் விட்டெறிந்தான். ராஜா குனிந்து பொறுக்கிக்கொண்டான். குனியக் குனியக் குட்டத்தானே செய்வார்கள்!

இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றிப் பார்த்ததும் ராஜா தெளிவாகவே சொன்னான். அடிப்பாகம் நன்றாக இருக்கிறது, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டால் போதும், மாற்ற வேண்டியதில்லை. அச்சுதனுக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த நேரம் பார்த்து வானவடி வீட்டிலிருந்து மனைவி ப்ரீதி போனில் அழைத்தாள். வீட்டு விஷயத்தைத் தமிழில் பேசிவிட்டால் நாலு சுவருக்குள் பேசியது மாதிரி. புனேக்கு வந்ததிலிருந்து அச்சுதனுக்கு அப்படியே பழகிவிட்டது.

"வெளியில பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். வைஷுவத் தூக்கிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்கு ஓடப் பாத்தியா? போன தடவ கைய ஒடச்சேன். இதோ கிளம்பி வரேன், இன்னிக்கு நீ உயிரோட இருக்க மாட்ட."

மறுமுனையில் அவள் அழுதாள். கூடவே ஒரு குழந்தையும் வீறிட்டது. அச்சுதன் போனை அணைத்துவிட்டு, "கத்திக் கத்தித் தொண்ட காஞ்சு போச்சு" என்று முணுமுணுத்தான்.

ராஜா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, டாக்ஸியைக் கூப்பிடப் போனான் அச்சுதன்.

அப்போதுதான் ராஜா குட்டையைக் குழப்பினான். கிராங்க் ஷாஃப்டில் கீறல் தெரிகிறதாம், பழைய இன்ஜினை நம்ப முடியாதாம், மாற்றிவிடுவதே நல்லதாம். சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி பானுவை உள்ளே கூட்டிப்போய் மராத்தியில் ஏதோ சொன்னான். அவள் சாப்பாட்டுப் பையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்தாள். போசரியில் ஒரு இன்ஜின் விலைக்கு இருக்கிறது, பார்த்துவரப் போகிறாள் என்று அச்சுதனுக்கு விளக்கம் வந்தது.

பெண்பிள்ளையை அனுப்பியா இன்ஜின் பார்ப்பாய் என்று கத்தி, அச்சுதன் ராஜாவின் வயிற்றில் ஓர் உதை விட்டான். ராஜா சுருண்டு விழுந்தான். மெல்ல எழுந்து, அவள் வரும்வரை உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

காரைப் பிள்ளையைவிட மேலாக நினைப்பவன் அச்சுதன். குடலைப் பிடுங்கிப் போட்டது போல் அது கிடக்கும்போது, முடிவு தெரியாமல் எப்படிக் கிளம்புவான்? உட்கார்ந்தான்.

அவன் எழும்போதெல்லாம் ராஜா பேச்சை மாற்றினான். வாங்கும் இன்ஜின் எப்படி ஓடியதோ யாருக்குத் தெரியும், எண் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வேறு அலைய வேண்டும், அதனால் இதையே சரிசெய்யலாம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, மாற்றலாம் என்றான்.

அச்சுதன் ஒரு ஸ்பானரை எடுத்து வீசினான். அது ராஜாவின் புருவத்தைப் பிளந்துகொண்டு போனது. ரத்தம் கண்ணில் வழிந்தது. வேலையாட்கள் இருவர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார்கள். ராஜா கையை நீட்டி அவர்களைத் தடுத்தான். இன்ஜினைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வைக்கிற கை அது. இவனெல்லாம் ஒரு ஆம்பிளையா என்று ஆட்களில் ஒருவன் காறித் துப்பினான்.

ராஜாவின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டான், மராத்தியில் இரண்டு வார்த்தை பேசினான், வைத்தான். பிறகு இன்ஜினைத் துணிபோட்டு மூடினான். இரண்டுமே ஓடும், எதைச் செய்வதென்பது இனி உங்கள் இஷ்டம் என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்று அச்சுதனுக்குக் கோபம் தலைக்கேறியது. காரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சாவியைக் கொடு என்று கத்தினான். ராஜா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவன் கையில் வைத்தான். அது கார் சாவி மட்டும்தான்.

வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டே அச்சுதன் இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினான். ராஜா அந்த மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நெரிபடும் சத்தம் கேட்டது. அச்சுதன் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான்.

பிடியை விடாமல் குனிந்து, ராஜா அன்றைக்கு முதல் முறையாகத் தமிழில் பேசினான்.

"வூட்ல இப்ப யாரும் இல்ல சார், நிதானமா யோசிச்சே சொல்லுங்க."