எட்டரைக்கு ஆறரை

"மோதிரத்தை எங்க வேணா போய் வாங்குங்க. எதிர்க்கடைக்கு மட்டும் போயிடாதீங்க."

கல்கடை அம்மா பன்னிரண்டு பச்சைக் கற்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏன், மோசமான கடையா?" என்றாள் தையல்காரி.

"அந்த ஆள் மூஞ்சியிலயே முழிக்காதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

தையல்காரிக்கு இந்த வியாபாரம் புதுசு. பெண்கள் கைப்பந்துக் குழு ஒன்றுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவளிடம், "பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மோதிரம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார்கள். தைக்கிற கைக்கு இது என்ன பிரமாதம் என்று தலையாட்டிவிட்டாள். கல் வைக்காத வெறும் வெள்ளி மோதிரம் ரெடிமேடாகவே கிடைக்கும். கல்லை உட்காரவைத்து, சுற்றி நகம் மாதிரி நீட்டியிருக்கும் நாலு கம்பியை அமுக்கினால் வேலை முடிந்தது. நாளைக் காலையில் ஆட்டம். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

முதல் கடையில் கல் உள்ளேயே இறங்கவில்லை. அடுத்த மோதிரத்தில் இறங்கியது, ஆனால் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது.

கடைக்காரர் கல்லை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எட்டுக்கு ஆறு மில்லிமீட்டர் இருக்கு. ஒன்பதுக்கு ஏழு இருக்கு. இது எட்டரைக்கு ஆறரை. இப்படி ஒரு அளவே உலகத்துல கிடையாதும்மா."

"ஆர்டர் கொடுத்தா?"

"இருபது நாள் ஆகும்."

ஒன்பது கடை ஏறி இறங்கினாள். ஒன்பதிலும் அதே பதில். ஒரு கடையில் கல்லைப் பார்த்ததும் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கால் கடுத்துப் போய், வேறு வழியில்லாமல், அந்த எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

மோதிரக்கடைக்காரர் கல்லைக் கையில்கூட வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"எதிர்க்கடை அம்மாகிட்ட வாங்குனீங்களா? தெரியுது. அந்த அம்மாவுக்கு அளவும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது."

சொல்லிக்கொண்டே ஒரு தட்டை எடுத்து வைத்தார். வரிசையாக வெள்ளி மோதிரங்கள். கல்லை வைத்தாள். கண்ணுக்குள் கருவிழி மாதிரி உட்கார்ந்தது.

தையல்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லா இருக்குங்க உங்க ரெண்டு பேர் கூட்டு. ஊர்ல இல்லாத அளவுல அவங்க கல்லை விக்கிறது, அதுக்கு மோதிரம் உங்ககிட்ட மட்டும் இருக்கிறது. வர்றவங்களை எல்லாம் நாய் மாதிரி அலைய விடுறது."

"கூட்டா?" அவர் முகம் வாடிப்போயிற்று. "பேசிப் பதினாறு வருஷம் ஆச்சும்மா. அவ என் கூடப் பிறந்த அக்கா. அப்பா கடையைப் பிரிச்சப்ப கல்லு அவளுக்கு, மோதிரம் எனக்கு. அன்னைக்கு நடந்த சண்டையில வார்த்தை தடிச்சுப் போச்சு."

"அப்புறம் இந்த அளவு?"

"தனியாப் போனதும் யாரோ அவளை ஏமாத்தி, எல்லாக் கல்லையும் தப்பு அளவுல அறுத்துக் கொடுத்துட்டானுங்க. இன்னி வரைக்கும் அவளுக்கு உறைக்கல. இதுக்கு மோதிரம் கிடைக்கலைன்னா யாரு அவகிட்ட கல்லு வாங்குவா? கடையை இழுத்து மூடணும். அதான் கையில இருந்த சரக்கு தீர்ந்ததும், தனியா அச்சு செஞ்சு இந்த அளவுல அடிக்கிறேன். தேஞ்சு போய் மூணு தடவை அச்சு மாத்தியாச்சு. செலவு எனக்குத்தான் அதிகம். போகட்டும், அக்கா ஆச்சே. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, ரோஷக்காரி."

தையல்காரி தலையாட்டினாள். பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அளவு தப்பென்று தெரிந்தும் ஒருத்தரிடம் சொல்லாமல் போவது தையல்காரியால் முடிகிற காரியமா? தம்பியை இழுக்காமல் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று கல்கடைக்குத் திரும்பினாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க கல்லு எல்லாம் அரை மில்லிமீட்டர் தப்பு அளவு. அறுக்குறவங்ககிட்ட எட்டுக்கு ஆறுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியல..."

"ஏன் தெரியாம? நான்தானே அப்படி அறுக்கச் சொல்றேன்."

"நீங்களேவா?" என்றாள் தையல்காரி.

கல்கடை அம்மா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எதிர்க்கடைக்காரன் என் தம்பி. தனியா கடை போட்டு முதல் ஆர்டர்லயே அளவைத் தப்பா எழுதிக் கொடுத்துட்டான். எட்டரைக்கு ஆறரைன்னு ஒரு மூட்டை மோதிரம் வந்து இறங்கிடுச்சு. ஒரு ஈ காக்கா வாங்கல. தலையில கைய வெச்சு உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சகிக்கல. அதான் என் கல்லை அந்த அளவுக்கு மாத்திட்டேன்."

"அப்போ என்னை ஏன் போகாதேன்னு சொன்னீங்க?"

"போங்கன்னு சொன்னா, கமிஷன் வாங்குறேன்னு நினைச்சு ஒருத்தரும் போக மாட்டேங்கறாங்க. போகாதேன்னா எப்படியும் கடைசியில போயிடறீங்க." பெருமூச்சு விட்டாள். "மூட்டை தீர்ந்த மறுநாளே நான் சரியான அளவுக்கு மாறிடுவேன். பதினாறு வருஷமா அந்தப் பாழாப்போன மூட்டை தீரவே மாட்டேங்குது. நீங்க பார்த்தீங்களே, இன்னும் எவ்வளவு இருக்கு?"

தையல்காரி எதிர்க்கடையைப் பார்த்தாள். அங்கே அவர் தட்டைத் துடைத்து, அடுத்த வரிசையை அடுக்கிக்கொண்டிருந்தார். பேசாத இரண்டு பேருக்கு நடுவே நாள் முழுக்கப் போய்வர இந்த அரை மில்லிமீட்டர்தான் இருந்தது. நேராக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

"நிறைய இருக்கும்மா," என்றாள். "அரை மூட்டைக்கு மேல."

கல்கடை அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "ஆமாப்பா, இந்த மாசமும் எட்டரைக்கு ஆறரையே அறுத்துடு. அவன் இன்னும் திருந்தல."