பாக்கெட்டில் ஒரு கை

பல் டாக்டர் ரிமோட்டை உயர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார். அந்த வீட்டுத் தியேட்டரை அமைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்காரர் பின்வரிசையில் உட்கார்ந்தபடி தன் பேன்ட் பாக்கெட்டுக்குள் வேறொரு பொத்தானை அழுத்தினார்.

படம் ஓட ஆரம்பித்தது.

சுவர் அளவுத் திரையில் ஒரு திமிங்கிலம் மெதுவாகத் திரும்பியது. எட்டு ஸ்பீக்கர்களிலும் கடல் இரைந்தது. டாக்டர் வீட்டு உறவுக்கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தது.

டாக்டர் கையிலிருந்த ரிமோட்டுக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த ரிமோட்டுக்குச் சொந்தமான டிஸ்க் ப்ளேயர் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மொத்தக் கடைக்காரர் இழுத்தடித்தார். டாக்டரோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று நாள் குறித்து எல்லோரையும் அழைத்துவிட்டார். முக்கியமாகத் தன் சகலையை. சகலை முன்னால் மூக்குடைபடுவதைவிட டாக்டர் தன் பற்கள் முப்பத்திரண்டையும் தானே பிடுங்கிக்கொள்வார்.

ஸ்பீக்கர்காரரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாது. இந்த அறை பிடித்துப்போனால் தன் வீட்டிலும் ஒரு தியேட்டர் போடுவதாகச் சகலை சொல்லியிருந்தார். சொதப்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது. மூன்று மாதமாக வேறு வேலையும் வரவில்லை.

ஆகவே ப்ளேயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேம் மெஷினை வைத்தார். தூசி படக்கூடாது என்று அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதுவும் டிஸ்க் ஓட்டும் மெஷின்தானே, படமும் அதே படம்தானே என்று தனக்குத்தானே நூறு முறை சொல்லிக்கொண்டார். கப்பல் வந்ததும் சர்வீஸ் என்ற சாக்கில் வந்து மாற்றிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். கேம் மெஷினின் கன்ட்ரோலரை ஒளித்துவைக்க வசதியாகத் தொளதொளவென்று ஒரு பேன்ட் போட்டு வந்திருந்தார்.

அந்த மெஷின் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள் இருந்தாள். பத்து வயது. குடும்பத்தோடு வந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் வற்புறுத்தியிருந்தார். மனைவிக்கு அன்றைக்கு வேலை, அதனால் மகளை மட்டும் கூட்டி வந்தார். இதெல்லாம் எங்கப்பா செய்தது என்று வாசலிலிருந்தே எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளே சுருக் சுருக்கென்றது.

சகலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறை எதுவும் அகப்படாத கடுப்பு. எங்கே, நிறுத்துங்கள் பார்க்கலாம் என்றார்.

டாக்டர் அழுத்தினார். பாக்கெட்டும் அழுத்தியது. திமிங்கிலம் நின்றது.

ஓட்டுங்கள் என்றார். ஓடியது. மறுபடியும் நிறுத்தச் சொன்னார். டாக்டர் செங்கோல் பிடித்த ராஜா மாதிரி கையை உயர்த்தினார். ஸ்பீக்கர்காரருக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. கட்டைவிரல் வழுக்கி, தொடவே கூடாத நடுப் பொத்தானில் போய் விழுந்தது.

திமிங்கிலம் காணாமல் போனது. திரையில் ரேஸ் கார், கால்பந்து, வாள் பிடித்த ஒரு முயல் என்று வரிசையாக விளையாட்டுகள் வந்து நின்றன. அவற்றுக்கு மேலே முழ உயர எழுத்தில், மெஷினுக்குச் சொந்தக்காரரை வரவேற்று ஒரு பெயர்: பட்டாணி.

அறை கொல்லென்று சிரித்தது. மெஷினுக்குப் பசிக்கிறது போலிருக்கிறது என்றார் சகலை.

ஸ்பீக்கர்காரர் எழுந்து வாய்க்கு வந்ததைச் சொன்னார். இப்போதெல்லாம் ப்ளேயரிலேயே கேமும் சேர்ந்து வருகிறதாம். கம்பெனியில் சோதித்துப் பார்த்த எவனோ ஒருவன் இந்தப் பெயரைப் போட்டு வைத்திருக்கிறானாம். பொய் தங்குதடையில்லாமல் வந்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

டாக்டர் நம்பிவிட்டார். அப்படியானால் எனக்கும் இதே மாடல்தான் என்று சகலையும் சொல்லிவிட்டார். நினைத்து வந்த காரியம் முடிந்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பாக்கெட்டுக்குள்ளிருந்த அவருடைய கையைப் பார்த்தாள்.

முன்வரிசையிலிருந்து டாக்டரம்மா திரும்பினார். "கேம்னதும் பாப்பா கண்ணு எப்படி விரியுது பாருங்க. உங்க வீட்ல இருக்கா கண்ணு?"

ஒரு வார்த்தை போதும், அவர் மானம் கப்பலேறிவிடும். சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கு ஆன்ட்டி. ரிப்பேருக்குக் குடுத்திருக்கு. சரியானதும் அப்பா எடுத்துட்டு வந்துடுவாரு."

வியாழக்கிழமை, வீட்டில் காலியாகக் கிடந்த டிவி மேஜையைக் காட்டி, மெஷின் எங்கே என்று அவள் கேட்டபோது அவர் சொன்ன பதில் அதுதான். ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. பட்டாணி என்று அவளைக் கூப்பிடுவதும் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை என்று அவளைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். இப்போது அவள் டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். வாடிக்கையாளர்களிடம் அவர் சிரிக்கும் அதே சிரிப்பு. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.