நினைவழிப்புப் படிவம்

மூன்று மாதக் கரு கலைந்த மறுவாரம், நினைவழிப்புப் படிவத்தில் கையெழுத்திடப் போனேன். இந்த மூன்று மாதமும் மறந்துவிட்டால் ஆசையோடு மறுபடி தொடங்கலாம் என்றார்கள் மருத்துவமனையில்.

என் கணவர் பேனாவைத் தரவில்லை.

"நீங்களும் அழிச்சுக்கங்க. சேர்ந்தே மறந்துடலாம்" என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்ற, முல்லை."

"ஒவ்வொரு தடவையுமா? எத்தனை?"

"இதோட நாலு."

முதல் குழந்தை என்றல்லவா அழுதுகொண்டிருந்தேன்! முன்பு மூன்று முறை கையெழுத்திட்டவளிடம் போய், வேண்டாம்டி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ரெண்டு பேருமே மறந்துட்டா அதுகளை யாரு நெனைக்கிறது? அதான் நான் அழிக்கல" என்றார்.

படிவத்தைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூத்ததுலேருந்து சொல்லுங்க."